கால்வாய் ஓரம் வரும் 400 வீடு: தெருக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவிலம்பாக்கம் பக்கம், கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குத் தண்ணீர் போகும் உபரிநீர்க் கால்வாயை ஒட்டி மூன்று ஏக்கர் காலி மனை இருக்கிறது. போன ஆனி மாதம் அதைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். ஸ்டில்ட்டுக்கு (கார் நிறுத்தத் தூண்களோடு விடும் தரைத்தளம்) மேல் 14 மாடி, மூன்று பிளாக், சுமார் 400 வீடு என்று புரோக்கர்கள் சொல்கிறார்கள். அன்றிலிருந்து என் வீட்டு காலிங்பெல் ஓயவில்லை. ஒரே கேள்விக்கு இருபது பேருக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஃபைலைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கட்டடமே வரக் கூடாது என்கிறோமா?

இல்லை. அது பட்டா நிலம். மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் தூண் தூணாக எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழ்க்கட்டளை, ஈச்சங்காடு, கோவிலம்பாக்கம், வெள்ளக்கல் என்று வரிசையாக ஸ்டேஷன் வரப் போகிறது. ரயில் வந்தால் பின்னாலேயே வீடும் வரும். வரட்டும். வாடகை கட்டி மாளாமல் வீடு தேடுகிற ஜனம் எங்கே போகும்?

நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த மூன்று ஏக்கரில் இப்போது தேங்கி நிற்கும் தண்ணீர் நாளைக்கு எங்கே போகும்? சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்குகிறது தண்ணீர். நாம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் குடியிருக்கிறோம். மேலே பெய்வது எல்லாம் நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஏக்கர் என்பது ஏறக்குறைய 12,140 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் 12 லட்சம் லிட்டர் விழும். 12,000 லிட்டர் லாரியில் நூறு லாரித் தண்ணீர். இப்போது அது அங்கேயே குட்டையாக நின்று, தவளை கத்தி, ஒரு வாரத்தில் மண்ணுக்குள் போய்விடுகிறது. ஐந்தடி மண் கொட்டி மேடாக்கி, மேலே சிமென்ட் தளமும் போட்டுவிட்டால் அந்த நூறு லாரியும் அன்று ராத்திரியே ரோட்டுக்கு வரும்.

நம்ம வீடும் ஏரிக்குக் கீழே வயல் இருந்த இடம்தானே? எந்த முகத்தோடு இன்னொருத்தரைக் கட்டாதே என்பது?

நான்காவது தெருவில் ஒரு கல்லூரிப் பையன் முதல் கூட்டத்திலேயே எழுந்து இதைக் கேட்டான். சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, யாராவது கேட்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், ஆயக்கட்டு நிலம்தான். 2009ல் நான் மனை வாங்கியபோது, "நன்செய்ங்கம்மா, தென்னை நல்லா வரும்" என்று விற்றார்கள். ஏன் நன்செய் என்று நான் யோசிக்கவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி புரிந்தது. தாம்பரத்தில் அந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஜல்லடை வழியாக, கொதிக்கிற பால் மாதிரி, உள்ளிருந்து பொங்கியது. கேஸ் சிலிண்டர் மிதந்து போய் ஃபிரிட்ஜில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நம்மில் பாதிப் பேர் என்ன செய்தோம்? தரைமட்டத்தை உயர்த்தினோம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினவர்களும் உண்டு. ஒவ்வொரு வீடு உயர்ந்தபோதும் பக்கத்து வீட்டுக்கு நாலு அங்குலம் கூடுதலாகத் தண்ணீர் போனது. ஆகவே நாம் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொண்டு யாரும் வர வேண்டாம். இங்கே கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் சாட்சி. அந்தத் தகுதியில் பேசினால் போதும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்?

நடக்காது. அனல் மின் நிலையம், சுரங்கம், பெரிய தொழிற்சாலை என்றால் கலெக்டர் தலைமையில் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்பார்கள். அதை டிவியில் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி நடக்கும் என்று நினைக்கிறோம். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் கட்டடத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கையில் விலக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

நிலத்தின் உபயோக வகையை மாற்றுவதாக இருந்தால், உதாரணமாக விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்கும். நம் மனை ஏற்கெனவே குடியிருப்பு வகை. அந்தக் கதவும் இல்லை.

யாரும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கேட்காத இடத்தில் போய்ச் சொல்வதற்குத்தான் நாம் சேர்ந்திருக்கிறோம்.

அப்படியானால் எங்கே போய்ச் சொல்வது?

14 மாடிக் கட்டடம் ஒரே மேஜையில் அனுமதி வாங்குவதில்லை. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே விதிப்படி அது 'உயரமான கட்டடம்'. சிஎம்டிஏ திட்ட அனுமதி, தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் என்று தடையின்மைச் சான்றுகள், வெள்ளம் தேங்குமா என்று பார்க்கும் நீர்வளத் துறையின் சான்று (நம் ஆட்கள் இன்னும் 'பிடபிள்யூடி என்ஓசி' என்றுதான் சொல்கிறார்கள்), மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, கடைசியில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு. ஒவ்வொன்றும் ஒரு மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் தனித்தனிக் கடிதம்.

இதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, நீர்வளத் துறை. கால்வாயிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்தலாம், மழைநீரை எங்கே விட வேண்டும் என்று நிபந்தனை எழுதுவது அவர்கள்தான். அந்த எழுத்து நம் கைக்கு வந்தாக வேண்டும்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் அனுமதிக்கான நிபுணர் மதிப்பீட்டுக் குழு. விண்ணப்பம், இணைப்புகள், குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். கருத்துக் கேட்புதான் கிடையாது, கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குழு உட்காருவதற்கு முன்னால், படத்தோடு, அளவோடு, ஒரு கடிதம் அவர்கள் மேஜையில் இருந்தால், 'இதற்கு விளக்கம் கொண்டுவா' என்று விண்ணப்பதாரரிடம் கேட்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கிராம சபையில் பேசினால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். கிராம சபைத் தீர்மானம் சிஎம்டிஏ அனுமதியை ரத்து செய்யாது. ஊரே சேர்ந்து பதிவேட்டில் எழுதிய ஆட்சேபணை என்ற கனம் அதற்கு இருக்கிறது; சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் காட்டலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்தது ஜனவரி 26. நம் தெருக்கள் பாதி ஊராட்சியில், பாதி சென்னை மாநகராட்சியில் இருப்பதால் மாநகராட்சிப் பக்கம் இருப்பவர்கள் பகுதி சபையில் எழுப்ப வேண்டும்.

தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். போன தடவை ஆளுக்கு ஒன்றாகத் தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று பேசி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

எந்தக் காகிதத்தை முதலில் எடுக்க வேண்டும்?

வருவாய்த் துறைக் காகிதம். சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் சிஎம்டிஏ வாசலில் நிற்கிறார்கள். முக்கால்வாசி உண்மை விஏஓ ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது.

மூன்று காகிதம். ஒன்று, அ-பதிவேடு. அந்த சர்வே எண் என்ன வகை என்று அதில் இருக்கும்: நன்செய், புன்செய், ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், கழுவெளி. (பள்ளிக்கரணைச் சதுப்பைப் பழைய ஆட்கள் கழுவெளி என்றுதான் சொல்வார்கள். புறம்போக்கு என்றதும் வீணாய்க் கிடக்கிற நிலம் என்று நினைக்கிறோமே, அது தண்ணீருக்கு விட்ட இடம்.) அரசின் இ-சேவை இணையதளத்திலேயே பார்க்கலாம். இரண்டாவது, புல வரைபடம், நாம் எஃப்எம்பி என்று சொல்வது. மூன்றாவது, கிராம வரைபடம். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது.

எஃப்எம்பியை வாங்கி வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்தோம். மனையின் கிழக்கு ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடு ஜோடியாகப் போய்க் கால்வாயில் சேருகிறது. கிளை வாய்க்கால். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் தகரமும் கட்டட இடிபாடும்தான் இருக்கின்றன. அது இப்போதும் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கிறதா, பட்டாவுக்குள் போய்விட்டதா என்பதை தாசில்தார்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். கேட்டிருக்கிறோம். அதுவரை யாரும் "வாய்க்காலை முழுங்கிட்டாங்க" என்று எழுதாதீர்கள். வரைபடத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, தரையில் காணவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் இப்போதைக்கு நமக்கு எதுவும் தெரியாது.

தகவல் உரிமை மனு எப்படிப் போடுவது? என் கணவர் போட்டார், "தர இயலாது" என்று பதில் வந்தது.

அவர் போட்ட மனுவை வாங்கிப் படித்தேன். "ஏன் இந்த அநியாயத்துக்கு அனுமதி கொடுத்தீர்கள்?" என்று இருந்தது. தகவல் அலுவலரிடம் ஏன் என்று கேட்டால் பதில் வராது. அவர் கையில் இருக்கும் காகிதத்தின் பெயரைச் சொல்லி, அதன் நகலைக் கேட்க வேண்டும். "இந்த சர்வே எண்ணுக்கு நீர்வளத் துறை வழங்கிய தடையின்மைச் சான்றின் நகல், அதற்கான கள ஆய்வு அறிக்கையின் நகல், நிபந்தனைகளின் நகல்" என்று.

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "வணிக ரகசியம்" என்று மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஒரு கட்டடத்தின் மழைநீர் வடிகால் வரைபடத்தில் என்ன ரகசியம் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்க அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எனக்கு அதுதான் பிடித்த வழி. நகல் கேட்டால் பத்துப் பக்கம் தருவார்கள். நேரில் பார்த்தால் குறிப்புப் பக்கங்களில் யார் என்ன சந்தேகம் எழுப்பினார்கள், அது எப்படி அமுங்கியது என்பதெல்லாம் தெரியும்.

ஒரே கேள்வியை நாற்பது பேர் அனுப்பாதீர்கள். அலுவலகத்தை எரிச்சல்படுத்தத்தான் உதவும். துறைக்கு ஒருவர் என்று பிரித்திருக்கிறோம்.

ரோடு அகலம் போதாது என்றே கேஸ் போட முடியாதா?

எல்லாருக்கும் பிடித்த வாதம் இது. எனக்கும் பிடித்திருந்தது, அளந்து பார்க்கும் வரை.

2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயரமான கட்டடத்துக்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர் பொதுச் சாலை வேண்டும். சாலை அகலமாக ஆகத் தளப்பரப்பும் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பால் வண்டி போன பிறகு, மூன்றாவது தெரு ஆசிரியரும் அவர் பெண்ணும் நானும் 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். மனை வாசலில் 12.2 மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 9.4. ஆசிரியர் துள்ளிக் குதித்துவிட்டார்.

அப்புறம் அந்தப் பெண்தான் கேட்டாள், "அப்பா, ரெண்டு பக்கமும் இருக்கிற சாய்தளத்தை விட்டுட்டு ஏன் அளக்கறோம்?" கார் ஏற்றுவதற்கு நாம் போட்ட சிமென்ட் சாய்தளம், வாசற்படி, துளசி மாடம், ஒரு வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்குக் கூரை. அவை எல்லாம் ரோட்டில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் அந்தச் சாலை முழு நீளத்துக்கும் 12 மீட்டர். இந்த வாதத்தை வைத்தால் முதலில் இடிபடுவது நம் வாசற்படி. இடிக்கத் தயார் என்று ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களும் போட்ட பிறகு ரோடு பற்றிப் பேசலாம்.

குடிதண்ணீர், சாக்கடை?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான திட்ட அளவு. 400 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,600 பேர், 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 18 நடை. கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீரைத்தான் விடுவோம் என்று அவர்கள் சொல்வார்கள். நியாயம்தான், தலைக்கு 45 லிட்டரைக் கழித்துவிடுவோம். அப்போதும் 12 லாரி, தினமும், இதே தெரு வழியாக. இந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியை முதலில் தேடிப் படியுங்கள்.

சதுப்பு நிலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கட்டக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதாமே?

பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் தளம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம், ஆனது. பரப்பு 1,247 ஹெக்டேர். அதன் தாக்க மண்டலம் எதுவரை என்று அறிவியல்பூர்வமாக முடிவாகும் வரை, தளத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. இடைக்கால உத்தரவுகள் திருத்தப்படும், மேல்முறையீட்டுக்குப் போகும். ஆகவே வாட்ஸப்பில் சுற்றும் பழைய செய்தித் துணுக்கை நம்பாமல் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நம் மனை அந்தக் கிலோமீட்டருக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் கூகுள் மேப்பில் விரலை வைத்துச் சொல்ல வேண்டாம். எல்லை எந்த சர்வே எண்ணில் முடிகிறது என்பதைப் பொறுத்தது அது.

வாடகைக்கு இருப்பவர்கள் கையெழுத்துப் போடலாமா?

தாராளமாக. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் மெத்தை நனைந்தது அவர்களுக்கும்தான். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும், பெயர், கதவு எண், தேதி இருக்க வேண்டும். எட்டு மணி சீரியல் நேரத்தில் போய்ப் பெல் அடிக்காதீர்கள். ஏழு மணிக்கு முன்னால், அல்லது ஞாயிறு காலை.

"கண்டவங்க வந்து ஏரியா கெட்டுப்போகும்" என்றும் மனுவில் எழுதலாம் என்கிறார்களே?

எழுத மாட்டோம். இதில் பேரம் கிடையாது.

ஒரு வாட்ஸப் செய்தி வந்தது: பெரும்பாக்கம் மாதிரி இங்கேயும் வாரிய வீடு கட்டிவிட்டால் மனை விலை விழுந்துவிடும், அதனால் இப்போதே ஒன்று சேருவோம் என்று. பெரும்பாக்கத்தில் இருப்பவர்கள் யார்? கூவம், அடையாறு கரையிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அவர்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை. நம்மைக் கேட்காததற்கு இவ்வளவு ரோஷப்படுகிறோம். நம் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், அந்தச் செய்தியை அவர்கள் பிள்ளைகளும் படிப்பார்கள்.

சாதி, வாடகைக்காரர், வடமாநிலத் தொழிலாளி, அசைவம் சாப்பிடுகிறவர் என்று யாரைப் பற்றியும் ஒரு சொல் மனுவில் வராது. அப்படி ஒரு வரி இருந்தால் தண்ணீர் பற்றி எழுதிய மற்ற நாற்பது வரியையும் யாரும் படிக்க மாட்டார்கள். அது கிடக்கட்டும், அந்த வரியே தப்பு.

கம்பெனி பெயரை ஏன் எழுதுவதில்லை? பயமா?

கொஞ்சம் பயம்தான். மானநஷ்ட வழக்குக்குப் பதில் போடவே வக்கீல் ஃபீஸ் கொடுக்க வேண்டும், ஜெயித்தாலும் போன பணம் போனதுதான். குரூப்பில் விதி எளிது: கையில் காகிதம் இல்லாத குற்றச்சாட்டு வேண்டாம், அதிகாரி லஞ்சம் வாங்கினார் என்று எழுத வேண்டாம், பொறியாளரின் வீட்டுப் படத்தைப் போட வேண்டாம். சைட்டில் வேலை செய்யும் தொழிலாளிகளிடம் சண்டைக்குப் போக வேண்டாம். போன மாதம் ஒருவர் செக்யூரிட்டியிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தார், அந்தப் பெரியவர் மறுநாள் நம் பிள்ளையார் கோயிலில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் அனுமதி இல்லாமல் சாலை மறியலும் வேண்டாம்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர்கள் நன்கொடை தருகிறார்களாமே? தெருவுக்கு சிசிடிவியும்?

சொல்லி அனுப்பினார்கள். கோயில் கமிட்டி முடிவு செய்ய வேண்டிய விஷயம், நான் தலையிடவில்லை. நம் குழு சார்பில் டீ கூட வாங்கிக் குடிப்பதில்லை. சந்திக்கக் கூப்பிட்டால் போவோம், மூன்று பேராக. பேசியதை அன்றைக்கே எழுதி அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவோம்.

நிலத்துக்காரர் நம்ம ஊர்க்காரர். அவரை எப்படி எதிர்ப்பது?

கஷ்டம்தான். நாம் வருவதற்கு முன்பு இங்கே நெல் அறுத்த குடும்பம். நான் நேரில் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். "நீங்க எல்லாம் எங்க அப்பாகிட்ட மனை வாங்கித்தானே வந்தீங்கம்மா, நான் வித்தா மட்டும் தப்பா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு, விற்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கிழக்கு ஓர வாய்க்கால் எங்கே ஓடியது என்று காட்டுங்கள் போதும் என்றேன். எழுந்து மாடிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். மடை இருந்த இடம், மீன் பிடித்த இடம் உட்பட. எஃப்எம்பியில் இருப்பதும் அவர் காட்டியதும் ஒன்று. அதைச் சாட்சியமாக எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது.

ஜெயிக்க முடியுமா? எங்கேயாவது ஜெயித்திருக்கிறார்களா?

நொய்டாவில் இரட்டைக் கோபுரம் இடித்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அங்கே குடியிருப்போர் சங்கம் 2012ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது. 2014ல் இடிக்க உத்தரவு. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று இடித்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷம். அதுவும் அவர்கள் அதே வளாகத்தில் வீடு வாங்கியவர்கள், கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி விடவில்லை என்று விதியைக் காட்ட முடிந்தது. நம் நிலைமை வேறு.

நம்மால் முடியும் என்று நான் நினைப்பது இவ்வளவு: வாய்க்கால் மீட்கப்பட வேண்டும், மனை மட்டத்துக்கு உச்சவரம்பு வேண்டும், மழைநீரைத் தேக்க உள்ளேயே குளம் வேண்டும். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. அந்த இடம் கால்வாய்ப் பக்கமாக அமைய வேண்டும் என்று கேட்கிறோம். இதெல்லாம் நடந்து 400 வீடு 300 ஆகிக் கட்டடம் வந்தால் நான் போய்ப் பால் காய்ச்சும் விழாவில் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு செங்கல் கூட வைக்க விட மாட்டோம் என்பவர்கள் நம் குழுவில் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வாரா வாரம் சண்டை.

கோர்ட்டுக்குப் போனால் எவ்வளவு செலவாகும்?

இழப்பீடு கேட்காமல் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட 1,000 ரூபாய்தான் கட்டணம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. செலவு வக்கீலுக்கும் நிபுணர் அறிக்கைக்கும். அதை விட முக்கியம் நாள் கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். அனுமதி கிடைத்ததும் கம்பெனி உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாக வரும் நிபந்தனை. எட்டாம் பக்கத்து மூலையில் சின்னதாக வரும். இரண்டாவது தெருவில் தினமும் மூன்று பேப்பர் படிக்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார், அவருக்கு இந்த வேலை. பிறந்தநாளுக்குக் கொடுத்த பூதக்கண்ணாடி அதற்குத்தான்.

பணம் என் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், ஐந்து பேர் தயார். பதிவானதும் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, மாதாமாதம் வரவு செலவை ஒட்டுகிறேன். முப்பது வருஷப் பழக்கம், விடாது.

என் தம்பி அதில் வீடு புக் செய்ய டோக்கன் கொடுத்துவிட்டான். அவனிடம் என்ன சொல்ல?

ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண் கேட்கச் சொல்லுங்கள். பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. எண் இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் அனுமதிகளைப் பார்க்கலாம். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். தரைத்தளப் பார்க்கிங்கில் கார் மிதந்தால் அது அவர் கார்.

அடுத்த கூட்டம் எப்போது, என்ன கொண்டுவர வேண்டும்?

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி, பிள்ளையார் கோயில் பின்புறம். நாற்காலி பத்துதான் இருக்கிறது, முடிந்தவர்கள் பாய் கொண்டு வாருங்கள். 2015, 2023 வெள்ளப் படங்கள் ஃபோனில் இருந்தால், வாட்ஸப்பில் அனுப்பாமல் ஃபோனையே கொண்டு வாருங்கள். எடுத்த தேதி அதில்தான் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பவர்கள், வெளிச்சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இன்னும் தெரிந்தால் அந்த ஓர் அடி அகலத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பெண் டேப்போடு வந்து தரையிலிருந்து உயரம் அளந்து படம் எடுத்துக்கொண்ட பிறகு அடித்துக்கொள்ளலாம். இதுவரை 23 வீடு முடிந்திருக்கிறது.